தினசரி மாறுதல் சான்றிதழ்

பட்டறைச் சாலை மேல்நிலைப் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வாசலில் ஒப்பீட்டுப் பலகை இருக்கிறது. இடது பாதியில் இந்தப் பள்ளியின் வருகையும் தேர்ச்சியும் சதவீதமாக எரியும். வலது பாதியில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுண்ணாம்புக் கால்வாய்ப் பள்ளியுடையது எரியும். எந்தப் பள்ளி பின்தங்குகிறதோ அதன் எண்கள் சிவப்பாகும். மின்சாரம் போனால் வகுப்பறையில் மின்விசிறி நின்றுவிடும். பலகை நிற்காது. அதற்குத் தனி பேட்டரி.

வட்டக் கல்வி ஒப்பீட்டு அலுவலகம் என்று ஒன்று தொடங்கிய பிறகு வந்த பலகை இது. அந்த அலுவலகம் பாடம் நடத்தாது, ஆசிரியர் போடாது, கூரை ஒழுகினால் எட்டிப் பார்க்காது. ஒப்பிடும். தினமும் காலை ஒன்பதரைக்கு வட்டத்துப் பள்ளிகளின் வருகையைச் செயலி வழியாக உறிஞ்சிக்கொள்ளும். மாதக் கடைசியில் தலைமையாசிரியர்களைக் கூட்டிவைத்து, கடைசியில் இருக்கும் பள்ளியின் தலைமையாசிரியரைச் சிவப்புத் துணி போர்த்திய நாற்காலியில் உட்காரவைக்கும். மற்றவர்களுக்குத் தேநீர், பிஸ்கட். சிவப்பு நாற்காலிக்குத் தண்ணீர்.

பட்டறைச் சாலைத் தலைமையாசிரியர் சங்கரநாராயணன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து அதன் ஆட்டம் எந்தக் காலில் என்பதுவரை தெரிந்துவைத்திருந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர். ஓய்வு பெறும் நேரம். அவமானம் அவருக்கு இடுப்புவலியாக இறங்கியிருந்தது.

அவருடைய வருகைச் சதவீதத்தைக் கெடுத்தவை கன்டெய்னர் வண்டிகள். துறைமுகத்துக்குள் போக முறை வரும்வரை அவை சாலையில் நிற்கும். ஒன்றின் மூக்கு இன்னொன்றின் முதுகில் இடிக்கிற மாதிரி, கல்மண்டபத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் இரும்பில் ஒரு மதில். அந்த மதிலுக்குக் கடல் பக்கத்தில் குடியிருக்கும் பிள்ளைகள் பள்ளிக்கு வர இரண்டு வழி. ஒன்று, வண்டி நகர்ந்து இடுக்கு விழும்வரை காத்திருப்பது. இரண்டு, சக்கரங்களுக்கு நடுவில் குனிந்து நுழைவது.

போன வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் குனிந்து நுழைந்தான். வண்டி நகர்ந்தது. ஒரு கால் போனது. ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களுக்கெல்லாம் ஆப்சென்ட் விழுந்துகொண்டே இருந்ததால் பள்ளி அவன் பெயரை எடுத்துவிட்டது. காலை எடுத்த டாக்டர்கூட இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கினார். பெயரை எடுக்க ஒருவர் போதுமாக இருந்தது.

அந்தப் பையனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனது ஜஹாங்கீரின் ஷேர் ஆட்டோ. இருக்கையைக் கழுவி முடித்து வீட்டுக்கு வந்ததும் அவர் தன் மகள் ரிஃபானாவைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"லேட்டானா திட்டு வாங்கு. அடி வாங்கு. பரவால்ல. வண்டி அடில மட்டும் குனியாத. குனிஞ்சேன்னு கேள்விப்பட்டேன், ஸ்கூலே வாணாம்னு நிறுத்திடுவேன்."

ரிஃபானா குனியவில்லை. இடுக்கு விழும்வரை நின்று, ஒன்பதே முக்காலுக்குப் பள்ளிக்குப் போனாள். பத்தாம் வகுப்பு. அந்த வீட்டில் பத்தாவதுவரை வந்த முதல் ஆள் அவள்தான். பொதுத்தேர்வு எழுதிப் பாஸாகி, பாலிடெக்னிக்கில் சேர வேண்டும். அப்பாவும் மகளும் இதைத் தவிர வேறு எதுவும் இந்த நாட்டிடம் கேட்டுவைக்கவில்லை.

ஜூன் மாதம் ஒருநாள் சங்கரநாராயணன் ஜஹாங்கீரை வரச்சொன்னார்.

"உங்க மக நல்ல பிள்ளை" என்றார். "ஆனா ஒன்பதரைக்குக் கெட்ட பிள்ளை. ஒன்பதே முக்காலுக்கு மறுபடி நல்ல பிள்ளை ஆயிடுது. அலுவலகம் ஒன்பதரைக்குத்தான் பாக்குது."

"வண்டி வயி உட்டா தானே சார் வருவா? நானே டிரைவரு. எனக்கே வயி கெடைக்கல."

"வண்டி என் அதிகாரத்துல இல்லை. பிள்ளை பேரு என் அதிகாரத்துல இருக்கு. கேளுங்க, சொல்லுதேன். பேரு இருந்து ஆள் வராட்டி என்ன?"

"ஆப்சென்ட்டு சார்."

"பேரே இல்லாட்டி?"

ஜஹாங்கீர் யோசித்தார். "பேரே இல்லாட்டி... அவ நம்ம ஸ்கூலு இல்ல சார்."

"ஆப்சென்ட் இல்ல!" என்று மேசையைத் தட்டினார் தலைமையாசிரியர். இடுப்புவலியை மறந்து எழுந்தே விட்டார்.

ஏற்பாடு இதுதான். காலை ஒன்பதே காலுக்கு வந்து சேராத பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மாறுதல் சான்றிதழ் கொடுத்துப் பள்ளியிலிருந்து விலக்கிவிடுவது. ஒன்பதரைக்கு அலுவலகம் பார்த்துவிட்டுப் போனதும், வந்து நிற்கும் பிள்ளைகளைப் புதிதாகச் சேர்த்துக்கொள்வது. விலக்கவும் சேர்க்கவும் பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

"டெய்லியா சார்?"

"ஞாயிறு லீவு" என்றார் சங்கரநாராயணன், பெருந்தன்மையோடு.

மறுநாளிலிருந்து, விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பி வண்டிகளுக்கு இந்தப் பக்கம் வந்திருந்த பெற்றோர் பள்ளி வாசலில் வரிசை நின்றார்கள். எழுத்தர் ஜோபின் ஜன்னலோரம் உட்கார்ந்து செயலியில் தட்டிக்கொண்டும் முத்திரை குத்திக்கொண்டும் இருந்தான். ஜஹாங்கீருக்கு முன்னால் பச்சையம்மா, காசிமேட்டிலிருந்து எடுத்த மீன் கூடையோடு. அவள் மகனும் பத்தாவதுதான்.

"இன்னாப்பா இது, 'குடும்பம் இடம்பெயர்வு'ன்னு போட்டுகிற? நான் பொறந்ததுலேந்து அதே குப்பத்துல தான் கீறேன்."

"எக்கா, பள்ளிய உட்டு போற காரணம் கேக்குது செயலி. 'இடம்பெயர்வு' கீது, 'வெளிநாடு' கீது, 'இறப்பு' கீது. உனக்கு எது வேணும்?"

பச்சையம்மா கூடையை இறக்கிவைத்தாள். "இடம்பெயர்வே இருக்கட்டும் சாமி. உனக்குப் புண்ணியமா பூடும், மாத்தி அமுக்கிடாத."

"அமுக்க மாட்டேன்க்கா. நேத்து ஒண்ணு தெரியாம அமுங்கிடுச்சு. இன்னிக்கு அவன சேக்க வுட மாட்டேங்குது."

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளையையும் மாலை போட்டு, கற்கண்டு கொடுத்து, மேளம் கொட்டி வரவேற்க வேண்டும், படமும் அனுப்ப வேண்டும் என்று ஒப்பீட்டு அலுவலகத்தின் சுற்றறிக்கை ஒன்று ஏற்கெனவே இருந்தது. சங்கரநாராயணன் சுற்றறிக்கையை மீறாதவர். ஒரு பிளாஸ்டிக் மாலை வாங்கினார். வேலைக்குப் போகும் மேளக்காரர் காலையில் வர முடியாது என்றதால் உடற்கல்வி ஆசிரியர் பெஞ்சைத் தட்டினார். கழுத்து கழுத்தாக மாலை போகும், படம் எடுப்பார்கள், கற்கண்டைப் படத்துக்குப் பிறகு டப்பாவில் திரும்பப் போடுவார்கள். கடைசிப் பிள்ளை வரவேற்கப்படும்போது முதல் பாடவேளை முடிந்திருக்கும். முதல் பாடவேளை கணக்கு.

"அத்தா, கணக்கு கிளாஸ்ல இன்னா நடக்குதுன்னே தெரில எனக்கு" என்றாள் ரிஃபானா. "டெய்லி மாலய போட்டுகினு நிக்கிறேன். கண்ணாலம் ஆன மாதிரி கீது."

"கம்னு இரு. பேரு இருந்தா போதும். பரீட்ச எய்தணும்ல."

"பேரு தான் அத்தா டெய்லி போவுது."

காலையில்தான் ஷேர் ஆட்டோவுக்கு ஆள் கிடைக்கும். அந்த நேரம் முழுக்க அவர் பள்ளி வாசலில் நின்றார். ஸ்டாண்டில், "இன்னா மாமு, மறுபடியும் ஸ்கூல்ல சேந்துட்டியாமே? யூனிஃபார்ம் எங்க?" என்று கேலி பேசினார்கள். அவரும் சிரித்துவைத்தார்.

பட்டறைச் சாலைப் பள்ளியின் வருகை நூறு சதவீதம் ஆனது. பலகை பச்சையாக எரிந்தது. வட்டத்திலேயே அதிக மாணவர் சேர்க்கை நடந்த பள்ளி என்று கேடயமும் வந்தது. தினமும் சேர்க்கிற பள்ளியை யார் முந்த முடியும்? சுண்ணாம்புக் கால்வாய்ப் பள்ளி சும்மா இருக்குமா? அங்கே மாலை மணி அடித்ததும் பள்ளி முழுவதையும் விலக்கிவிட்டு, மறுநாள் கண்ணில் பட்டவர்களை மட்டும் சேர்த்தார்கள். அவர்களும் நூறு.

இரண்டும் நூறு என்றதும் அலுவலகம் கலங்கிப்போனது. ஒப்பிட ஒன்றுமில்லாவிட்டால் ஒப்பீட்டு அலுவலகம் எதற்கு என்று மேலிடம் கேட்குமே. அதனால் வெள்ளிக்கிழமைதோறும் மதியம் ஒரு தேர்வு, அதன் சராசரியும் பலகையில் ஏறும் என்று உத்தரவு வந்தது. சங்கரநாராயணனுக்கு மருந்து தெரிந்த நோய்தான். சராசரியைக் கீழே இழுக்கும் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மணியோடு மாறுதல் சான்றிதழ். கணக்கு வகுப்பையே பார்க்காத பிள்ளை கணக்கில் என்ன எடுக்கும்? ரிஃபானா அதிலும் சேர்ந்தாள். ஜஹாங்கீர் வெள்ளிக்கிழமை இரண்டு முறை வந்தார். ஜும்மாத் தொழுகை போனது.

டிசம்பரில் ஒப்பீட்டு அலுவலர் ராமசெல்வி நேரில் வந்தார். பெற்றோரை வெயிலில் உட்காரவைத்து, ஷாமியானாவின் கீழ் நின்று பேசினார். அவர் குரல் இனிமையானது.

"நான் இந்த வட்டத்துக்கு வந்தபோது இங்கே பிள்ளைகள் இருந்தார்கள்; விவரம் இல்லை. இன்று விவரம் இருக்கிறது" என்றார். கைதட்டினார்கள். "அறிவியலுக்கு ஆசிரியர் இல்லையே என்று சிலர் மனு கொடுக்கிறீர்கள். காலியிடத்தையும் நாங்கள் ஒப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். சுண்ணாம்புக் கால்வாய்ப் பள்ளியில் மூன்று இடம் காலி. இங்கே இரண்டுதான். நீங்கள் முன்னணியில் இருக்கிறீர்கள். ஒரு பிள்ளை படிக்கிறதா என்பது அந்தப் பிள்ளையின் சொந்த விஷயம். அடுத்த பள்ளிப் பிள்ளையைவிட ஒரு மார்க் கூட எடுக்கிறதா என்பதுதான் நிர்வாகத்தின் விஷயம்."

ஜஹாங்கீர் எழுந்து நின்றார். பச்சையம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். உட்காரவில்லை.

"மேடம், ஒரே ஒரு விசியம். காலைல அந்த கன்டெய்னர் வண்டிங்கள பசங்க வர்ற எடத்துல கொஞ்சம் கேப்பு உட்டு நிக்க சொல்லி, உங்க ஆபீஸ்லேந்து ஒரு வார்த்த சொன்னீங்கன்னா, இந்த டிசி கெரகமே வாணாம் மேடம். புள்ளைங்க நேரா உள்ள வந்துடும்."

"நல்ல கேள்வி" என்றார் ராமசெல்வி. "சுண்ணாம்புக் கால்வாய்ப் பள்ளிப் பிள்ளைகள் வரும் வழியிலும் வண்டி நிற்கிறதா?"

"அங்கயும் தான் மேடம் நிக்குது. ரெண்டாண்டையும் ஒரே கத தான்."

"அப்படியானால் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இல்லாத இடத்தில் பிரச்சினை இல்லை. உட்காருங்கள்."

உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவர்கள் கைதட்டியதால் அவரும் இரண்டு தட்டு தட்டினார்.

பொதுத்தேர்வு நெருங்கியது. ஹால் டிக்கெட் கொடுத்த அன்று பத்தாம் வகுப்பில் வண்டிக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வந்தது. கடல் பக்கத்துப் பிள்ளைகள் ஒருவருக்கும் வரவில்லை. ரிஃபானா அழவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நேராக ஷேர் ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்து, "அத்தா, எனக்கு ஹால் டிக்கெட் இல்லியாம்" என்றாள்.

தலைமையாசிரியர் அறையில் ஜஹாங்கீர் உட்காராமல் நின்றார்.

"இந்த வருஷம் தேர்வுக்குப் பேரை நாங்க அனுப்பலை" என்றார் சங்கரநாராயணன். "அலுவலகமே செயலிலேருந்து எடுத்துக்கிட்டாங்க. எத்தனை மணிக்கு எடுத்திருக்காங்கன்னு கேட்டேன்."

"எத்தினிக்கு சார்?"

"ஒன்பதரைக்கு" என்றார் தலைமையாசிரியர்.

"சார், அவ இங்க தானே சார் கீறா? டெய்லி நீங்க தானே மாலய போட்டீங்க?"

"போட்டேன். ஒவ்வொரு நாளும் போட்டேன். அதுல ஒரு குறை சொல்ல முடியாது" என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனால் ஜன்னல் வழியே பலகை தெரிந்தது. கலங்கிய கண்ணுக்கும் அது பச்சையாகத்தான் தெரிந்தது. "மேடத்தைப் போய்ப் பாருங்க. அவங்க நினைச்சா ஒரு நிமிஷம்."

பச்சையம்மாவும் வருவாள் என்று ஜஹாங்கீர் பார்த்தார். அவள் வரவில்லை. "பையன் போட்டுக்குப் போய்ட்டான்பா" என்றாள். "கடலுக்கு டிசி வாணாமாம்."

ராமசெல்வி அவரை மரியாதையாக உட்காரச்சொன்னார். ரிஃபானாவின் பெயரைத் தட்டித் தேடினார். பிறகு திரையை ஜஹாங்கீர் பக்கம் திருப்பிக் காட்டினார். பெயருக்கு எதிரே எந்தப் பள்ளியும் இல்லை.

"சேர்ப்பது சுலபம். ஒரு பட்டன்" என்றார். "ஆனால் சேர்த்தால், அவள் இருந்தாள் என்று ஆகிறது. இருந்தாள் என்றால் ஜூனிலிருந்து தினமும் ஒன்பதரைக்கு எங்கே இருந்தாள் என்று கேள்வி வரும். பட்டறைச் சாலையின் நூறு பொய்யாகும். அதோடு ஒப்பிட்ட சுண்ணாம்புக் கால்வாயின் நூறும் பொய்யாகும். ஒரு பிள்ளைக்காக ஒரு வட்டத்தையே சிவப்பாக்கச் சொல்கிறீர்களா?"

"எனக்கு செவப்பு பச்சைலாம் தெரியாது மேடம். அவ பரீட்ச எய்தணும். அவ்ளோ தான்."

"எழுதட்டும். நான் தடுக்கவே இல்லை. அடுத்த வருஷம்."

"அடுத்த வருசமும் அந்த வண்டி அங்க தான் மேடம் நிக்கும்."

ராமசெல்வி யோசித்தார். உண்மையிலேயே உதவ நினைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்; அதுதான் பயங்கரம்.

"ஒரு வழி இருக்கிறது. இடைநின்ற பிள்ளைகளைக் கண்டுபிடித்து மீட்டுப் பள்ளியில் சேர்க்க எங்களிடம் ஒரு பிரிவு இருக்கிறது. ஜூனில் வருவார்கள். மீட்ட பிள்ளையின் பெயரைத் தலைமையாசிரியர் தொட முடியாது. ஒரு வருஷத்துக்குப் பூட்டு. ஆனால் வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளையை மீட்க முடியாது. எதிலிருந்து மீட்டோம் என்று காட்ட வேண்டும்."

"எதுலேந்துன்னா?"

"வேலையிலிருந்து. உங்கள் பக்கம் இறால் உரிக்கும் ஷெட் இருக்குமே. அது நல்லது. படத்தில் தெளிவாகத் தெரியும்."

"படிக்கிற பொண்ண படிக்க வைக்கணும்னா வேலைக்கு அனுப்பணுமா மேடம்?"

"தற்காலிகமாக" என்றார் ராமசெல்வி.

அன்று வீட்டில் ஜஹாங்கீர் சாப்பிடவில்லை. ரிஃபானாதான் பேச்சை எடுத்தாள்.

"போறேன் அத்தா. ஜூனு வரைக்கும் தானே. கணக்கு புக்க எடுத்துகினு போவட்டா? சும்மா கீற நேரத்துல பாப்பேன்."

"வாணாம்மா. புக்கோட பாத்தானுங்கன்னா, படிக்கிற புள்ளன்னு நெனச்சுகினு உட்டுட்டு பூடுவானுங்க."

மார்ச்சில் மற்ற பிள்ளைகள் தேர்வு எழுதினார்கள். மே மாதம் முடிவு வந்தது. பட்டறைச் சாலைப் பள்ளி நூறு சதவீதத் தேர்ச்சி. சுண்ணாம்புக் கால்வாய்ப் பள்ளியும் அதே. சங்கரநாராயணன் சிவப்பு நாற்காலியை மறுபடி பார்க்காமலே ஓய்வு பெற்றார். சால்வை போர்த்தினார்கள். ஏற்புரையில், "என் பணிக்காலத்தில் ஒரு பிள்ளைகூட ஃபெயில் ஆகாத ஆண்டு இது" என்று சொல்லி உட்கார்ந்தார். பொய் இல்லை.

ரிஃபானா இறால் ஷெட்டில் உட்கார்ந்தாள். ஐஸ் தண்ணீரில் கையை விட்டு, தலையைத் திருகி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை இழுக்க வேண்டும். இறாலின் முள் குத்தி, விரல் நுனிகள் வெள்ளையாக ஊறி, வெடித்து, ஆறுவதற்குள் மறுபடி வெடித்தன. ஜூன் வந்ததும் ஜஹாங்கீர் கல்மண்டபத்திலிருந்து வரும் ஒவ்வொரு நடையிலும் ஷெட் வாசலில் ஆட்டோவை மெதுவாக ஓட்டினார். அரசாங்க வண்டி போல வெள்ளையாக எது வந்தாலும் நிறுத்தி, "சார், மீட்புங்களா?" என்று கேட்டார். ஒருமுறை அது பால் வண்டி.

ஜூலையில் உண்மையாகவே வண்டி வந்தது. ராமசெல்வி இறங்கினார். கூட ஒரு புகைப்படக்காரர். சுருட்டிய துணி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளி எழுத்தர் ஜோபின். ஜஹாங்கீர் பயணிகளை நடுச்சாலையில் இறக்கிவிட்டு ஓடினார்.

"மேடம்! வந்துட்டீங்களா! தோ, உள்ள தான் மேடம் கீறா. எறா உரிச்சுகினு கீறா, நீங்க சொன்ன மாதிரியே. ரிஃபானா! எய்ந்து வா, மேடம் வந்துட்டாங்க!"

ரிஃபானா கையைத் துடைக்காமல் வந்து நின்றாள். துடைத்தால் வேலையில் இருந்தது தெரியாதே என்று அப்படியே வந்திருந்தாள்.

ராமசெல்வி அவளைப் பார்த்தார். முகத்தில் வருத்தம் வந்தது.

"உங்களுக்குத் தகவல் வரவில்லையா? போன வாரம் அறிவித்துவிட்டோம். இந்த வட்டத்தில் இடைநின்ற பிள்ளைகளே இல்லை. மாநிலத்திலேயே முதல் வட்டம். மீட்புப் பிரிவைக் கலைத்தாயிற்று. இல்லாத பிள்ளையை யார் மீட்பது?"

"இல்லன்னா... தோ நிக்கிறாளே மேடம்."

"நிற்கிறாள். அதை நான் மறுக்கவில்லை."

ஜோபின் துணியை விரித்தான். 'இடைநின்ற பிள்ளை ஒருவர்கூட இல்லாத வட்டம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. பிள்ளைகள் வேலை செய்யக்கூடிய இடங்களில் எல்லாம் கட்டிப் படமெடுத்து அனுப்பச்சொல்லி உத்தரவாம். மூன்று மூலையைக் கட்டிவிட்டான். நாலாவது மூலைக்குக் கம்பம் இல்லை. கடல் காற்று துணியைத் தூக்கித் தூக்கி அடித்தது.

ஜோபின் ரிஃபானாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "பாப்பா, கோச்சுக்காத. அந்த மூலைய மட்டும் இஸ்து புடிச்சுக்கறியா?"

ரிஃபானா போய் மூலையைப் பிடித்தாள்.

"துணிக்குப் பின்னால் நின்று பிடிக்கட்டும்" என்றார் ராமசெல்வி. "படத்தில் பிள்ளைகள் யாரும் விழக்கூடாது."

ரிஃபானா துணிக்குப் பின்னால் போனாள். காற்று நின்றது. எழுத்துகள் நேராயின. புகைப்படக்காரர் கருவிக்குள் கண்ணை வைத்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"மேடம், விரல் தெரியுது."

துணிக்குப் பின்னாலிருந்து ரிஃபானா விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டாள். படம் நன்றாக வந்தது.